வயதாக ஆக குடலின் உட்சுவர் எப்படி மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதானால் தோல் சுருங்குகிறது, முடி நரைக்கிறது, எலும்பு தேய்கிறது. குடலும் அப்படித்தான் தேய்ந்துபோகும் என்று பலரும் நினைக்கிறார்கள். குடலின் கதை கொஞ்சம் வேறு. நோய்நொடி இல்லாத நாட்களில் 70 வயதுக் குடலும் 30 வயதுக் குடலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. ஒரு அடி விழுந்த பிறகு எழுந்து நிற்பதில்தான் வயது தெரிகிறது. கீழே உள்ள கேள்விகளில் பல இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருகின்றன.

குடலில் புது செல்கள் எங்கே பிறக்கின்றன?

சிறுகுடலின் உட்புறத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளும், அவற்றின் அடியில் கீழ்நோக்கி இறங்கும் சின்னச் சின்னக் குழிகளும் தெரியும். சத்தை உறிஞ்சுவது குடலுறிஞ்சி. அதற்கு வேண்டிய செல்களைப் பெற்றுத் தருவது குழி. 18ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லீபர்கூனின் பெயரில் இவை லீபர்கூன் குழிகள் எனப்படுகின்றன.

குழியின் அடித்தளத்தில் ஸ்டெம் செல்கள், அதாவது பிரிந்து பிரிந்து மற்ற செல்களைப் பெற்றுத் தரும் மூலச் செல்கள், இருக்கின்றன. எலியில் ஒரு குழிக்குச் சுமார் 15. இவை ஏறக்குறைய தினமும் ஒருமுறை இரண்டாகப் பிரிகின்றன. பிறந்த செல் குழியின் சுவர் வழியே மெல்ல மேலேறி, போகும் வழியில் உறிஞ்சும் செல்லாகவோ சளி சுரக்கும் செல்லாகவோ மாறி, 3 முதல் 5 நாட்களில் குடலுறிஞ்சியின் நுனியை அடைந்து அங்கிருந்து உதிர்ந்துவிடும். ஸ்டெம் செல்களுக்கு இடையிடையே பனேத் செல்கள் உட்கார்ந்திருக்கும். இவை மேலே ஏறாமல் அடியிலேயே வாரக்கணக்கில் வாழ்பவை. கிருமிகளைக் கொல்லும் பொருட்களைச் சுரப்பதோடு, பக்கத்தில் இருக்கும் ஸ்டெம் செல்களுக்கு ‘பிரிந்துகொண்டே இரு’ என்று சொல்லும் வேதிச் செய்திகளையும் அனுப்புகின்றன. அந்தச் செய்திகளில் முக்கியமானது வின்ட் என்ற புரதம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முதுமைக்கு வரும்போது திரும்பவும் தேவைப்படும்.

பெருங்குடலில் குடலுறிஞ்சிகள் கிடையாது, குழிகள் மட்டும்தான். புதுப்பிக்கும் முறை அதேதான்.

இந்த ஸ்டெம் செல்களை எப்படி அடையாளம் கண்டார்கள்?

குடல் உட்சுவர் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது என்பதை 1940களிலேயே கனடாவில் சார்ல்ஸ் லெப்லாண்ட் காட்டிவிட்டார். எந்தச் செல் அந்த வேலையைச் செய்கிறது என்பதில் மட்டும் பல பத்தாண்டுகள் வாக்குவாதம் நடந்தது. 2007இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் க்ளெவர்ஸின் ஆய்வகத்தில் நிக் பார்க்கரும் உடன் வேலை செய்தவர்களும், எல்ஜிஆர்5 என்ற புரதத்தைத் தாங்கிய செல்களே அவை என்று காட்டினார்கள். 2009இல் அதே ஆய்வகத்தில் தோஷிரோ சாத்தோ இப்படிப்பட்ட ஒரே ஒரு செல்லை எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்து, குழியும் குடலுறிஞ்சியும் உள்ள ஒரு குட்டிக் குடலையே உருவாக்கினார்.

முதுமை ஆய்வை உண்மையில் நடத்துவது இந்தக் குட்டிக் குடல்தான் என்று சொல்வேன். இளம் எலியின் குழிகளையும் கிழ எலியின் குழிகளையும் எடுத்து, ஒரே சூழலில் வளரவிட்டு, எத்தனை குட்டிக் குடல்கள் முளைக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். உடம்புக்குள் மறைந்து கிடக்கும் வித்தியாசம் அப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு நாளில் எவ்வளவு செல்கள் மாறுகின்றன?

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் செண்டரும் ரான் மிலோவும் 2021இல் போட்ட கணக்குப்படி, மனித உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 கோடி செல்கள் புதிதாக மாற்றப்படுகின்றன. எண்ணிக்கையில் பெரும்பகுதி ரத்த செல்கள். குடல் உட்சுவர் செல்கள் 12% அளவுக்கு. ஆனால் எடையை வைத்துப் பார்த்தால், மாற்றப்படும் சுமார் 80 கிராமில் 40% குடலுடையது.

அப்படியானால் குடல் முழுவதும் ஐந்து நாளில் புதிதாகிவிடுகிறதா?

இல்லை. உட்புறத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள் மட்டும்தான். ஸ்வீடனில் யோனஸ் ஃப்ரிசேனின் குழு 2005இல் செல்களின் டிஎன்ஏவில் உள்ள கதிரியக்கக் கார்பனை வைத்து வயதை அளந்தபோது, உட்சுவரை நீக்கிய குடல் திசுவில் செல்களின் சராசரி வயது ஏறக்குறைய 16 ஆண்டுகள் என்று வந்தது. ஒரே குழாய்க்குள் சில நாள் வயதுள்ள செல்லும், அதற்கு ஒரு மில்லிமீட்டருக்குள் பல வருடம் வாழ்ந்த செல்லும்!

குழந்தைகளிடம் இந்த வளர்ச்சி எப்படி இருக்கும்?

குழந்தைப் பருவத்தில் குழிகளே பெருகுகின்றன. ஒரு குழி அடியிலிருந்து பிளந்து இரண்டாகும். குடல் நீள நீள அதற்கேற்ற குழிகள் இப்படித்தான் உண்டாகின்றன. பெரியவர்களாகிவிட்டால் இந்தப் பிளவு மிக அரிதாகிவிடும். மனிதப் பெருங்குடலில் ஒரு குழி பிளக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் குடல் கட்டப்படும் காலத்திலேயே அடி விழுகிறது என்பதால்தான் சுத்தமான குடிநீருக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

சரி, வயதானால் செல்கள் பிரியும் வேகம் குறையுமா?

எல்லோரும் எதிர்பார்க்கும் பதில் ‘ஆமாம்’. ஆய்வுகள் அவ்வளவு நேராகச் சொல்லவில்லை.

1980களில் அமெரிக்காவில் பீட்டர் ஹோல்ட்டின் குழு வயதான எலிகளின் சிறுகுடலை ஆராய்ந்தது. அவர்கள் கண்டது குறைவு அல்ல, கூடுதல்: கிழ எலிகளின் குழிகளில் பிரிந்துகொண்டிருந்த செல்கள் அதிகம். மனிதப் பெருங்குடலில் செய்த சில ஆய்வுகளும், வயதானவர்களிடம் பிரியும் செல்களின் எல்லை குழியின் மேல்பக்கம் நகர்ந்திருப்பதாகச் சொல்கின்றன. இளம் வயதில் குழியின் அடிப்பகுதியிலேயே முடிந்துபோகும் பிரிதல், வயதானபின் மேலேயும் தொடர்கிறது. இன்னொரு பக்கம், ஹார்ட்முட் கைகரின் குழு 2017இல் வெளியிட்ட எலி ஆய்வில் கிழ எலிகளின் குடலில் குழிகள் எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் நீண்டு, பிரியும் செல்கள் குறைந்திருந்தன.

ஏன் இந்த முரண்? ஒருவர் பெருச்சாளி அளவுள்ள ஆய்வக எலியைப் பார்க்கிறார், மற்றவர் சுண்டெலியைப் பார்க்கிறார். ஒருவர் குடலின் தொடக்கத்தில் வெட்டியெடுக்கிறார், மற்றவர் கடைசியில். எலி என்ன சாப்பிட்டது, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதுகூட எண்ணிக்கையை மாற்றும். அதனால் ‘வயதானால் குடல் செல் வளர்ச்சி இத்தனை சதவீதம் குறையும்’ என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால், எந்தப் பிராணி, எந்தப் பகுதி என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆரோக்கியமான முதியவர்களின் சிறுகுடலில் எடுத்த திசு மாதிரிகளில் குடலுறிஞ்சிகளின் உயரம் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. அதாவது அமைதியான நாட்களில் வரவும் செலவும் சரியாகவே போகிறது.

அப்புறம் எதில்தான் வயது தெரிகிறது?

காயத்தில். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கிறிஸ்டோபர் பாட்டனும் உடன் வேலை செய்தவர்களும் 1990களில் இளம் எலிகளுக்கும் கிழ எலிகளுக்கும் ஒரே அளவு கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு குழிகளில் பலவற்றை அழித்துவிடும். பிழைத்த ஒன்றிரண்டு ஸ்டெம் செல்களிலிருந்து குழி மறுபடி எழ வேண்டும். இளம் எலியிலும் கிழ எலியிலும் குழிகள் எழுந்தன. கிழ எலியில் தாமதமாக எழுந்தன. சிறிய அளவு கதிர்வீச்சுக்கே அவற்றின் செல்கள் அதிகமாக மடிந்தன.

காரணத்தைத் தேடியவர்கள் வின்ட் செய்தியில் வந்து நின்றார்கள். கைகரின் குழு கண்டது இது: கிழ எலிகளின் ஸ்டெம் செல்களிலும், அவற்றைச் சுற்றியிருக்கும் பனேத் செல்களிலும், அடியில் உள்ள இணைப்புத் திசுவிலும் வின்ட் குறைந்திருந்தது. கிண்ணத்தில் வளர மறுத்த கிழக் குழிகளுக்கு வெளியிலிருந்து வின்ட் கொடுத்தபோது அவை மறுபடி நன்றாக முளைத்தன.

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் பெக்கா கட்டாயிஸ்டோவின் குழு 2019இல் ஒரு படி மேலே போனது. அவர்கள் இளம் ஸ்டெம் செல்லை முதிய பனேத் செல்லோடும், முதிய ஸ்டெம் செல்லை இளம் பனேத் செல்லோடும் ஜோடி சேர்த்து வளர்த்தார்கள். துணையாக வரும் பனேத் செல் இளமையாக இருந்தால் முதிய ஸ்டெம் செல்லுக்கும் தெம்பு வந்தது. பனேத் செல் முதியதாக இருந்தால் இளம் ஸ்டெம் செல்லும் சோர்ந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான், ஏனென்றால் குற்றவாளி செல்லா, அதன் சுற்றுப்புறமா என்ற கேள்வியை இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்த்துவிடுகிறது. பதில்: இரண்டும்தான், ஆனால் சுற்றுப்புறத்தின் பங்கு நினைத்ததைவிடப் பெரிது.

முதிய பனேத் செல்கள் நோட்டம் என்ற ஒரு நொதியை வெளியே விடுகின்றன. அது வின்ட் புரதத்தோடு ஒட்டியிருக்கும் கொழுப்புத் துண்டை வெட்டிவிடும். அந்தத் துண்டு இல்லாத வின்ட் ஸ்டெம் செல்லில் பொருந்தாது, செய்தி போய்ச் சேராது. நோட்டம் ஏன் கூடுகிறது? செல்லுக்குச் சாப்பாடு தாராளமாக இருக்கிறது என்று அறிவிக்கும் எம்டார் என்ற அமைப்பு, முதிய பனேத் செல்லில் ஓயாமல் விழித்தே இருப்பதால். நோட்டத்தைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தபோது கிழ எலிகளின் குடல் காயத்திலிருந்து மீளும் திறன் மேம்பட்டது.

ஸ்டெம் செல்களின் எண்ணிக்கை குறைந்துபோகிறதா?

எண்ணிக்கையில் பெரிய வீழ்ச்சி இல்லை என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. சில ஆய்வகங்கள் கிழ எலிகளில் கூடுதலாகக்கூட எண்ணியிருக்கின்றன. குறைவது ஒவ்வொரு செல்லின் திறன்.

ஒரு செல் இத்தனை முறை பிரிந்தால் டிஎன்ஏவில் பிழை சேராதா?

சேரும். முதுமையில் நடக்கும் மாற்றங்களில் மிகத் துல்லியமாக அளக்கப்பட்டது இதுதான்.

நெதர்லாந்தில் 2016இல் வெளியான ஆய்வு ஒன்று மனித ஸ்டெம் செல்களின் டிஎன்ஏவை முழுதாகப் படித்து, சிறுகுடல், பெருங்குடல், கல்லீரல் மூன்றிலும் ஆண்டுக்கு 40 அளவில் புது மாற்றங்கள் சேர்வதாகக் காட்டியது. பிறந்த நாளிலிருந்து ஒரே சீராக ஏறும் கணக்கு. 2019இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனம் சாதாரணப் பெருங்குடல் குழிகளை ஒவ்வொன்றாக லேசரால் வெட்டியெடுத்துப் படித்தபோதும் இதே போன்ற அளவுதான் வந்தது. 50, 60 வயதுகளில் இருப்பவர்களின் நலமான குழிகளில் சுமார் 1%, புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய ஒரு மாற்றத்தைத் தாங்கியிருக்கிறது. பெருங்குடலில் சுமார் ஒரு கோடி குழிகள் உண்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் குழிகள். இத்தனை இருந்தும் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வருவதில்லை. பயப்பட அல்ல, ஆறுதலுக்கே இந்த எண்ணைச் சொல்கிறேன்: ஒரு மாற்றம் மட்டும் போதாது, அடுத்தடுத்து இன்னும் சில சேர வேண்டும்.

அதே நிறுவனத்தில் அலெக்ஸ் கேகனும் உடன் வேலை செய்தவர்களும் 2022இல் 16 வகைப் பாலூட்டிகளின் குடல் குழிகளை ஒப்பிட்டார்கள். சுண்டெலிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மாற்றங்கள், மனிதருக்கு 47. ஒட்டகச்சிவிங்கிக்கு 99, அதைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறிய, ஆனால் நெடுநாள் வாழும் மயிரில்லா மோல் எலிக்கு 93. ஆயுள் முடியும்போது எல்லா விலங்குகளிடமும் சேர்ந்திருக்கும் மொத்தம் பெரிதாக வேறுபடவில்லை. நெடுநாள் வாழும் விலங்கு டிஎன்ஏவை மெதுவாகவே கெடவிடுகிறது.

ஒரு செல்லில் வந்த மாற்றம் பரவுமா?

குழிக்குள் பரவும். ஸ்டெம் செல்கள் ஒன்றுக்கொன்று இடம் பிடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரே செல்லின் வாரிசுகள் குழி முழுவதையும் நிரப்பிவிடும். எந்தச் செல் வெல்லும் என்பது குலுக்கல் சீட்டு மாதிரிதான். எலியில் சில மாதங்களில் நடக்கும் இது மனிதரில் பல வருடம் எடுக்கும். குழிக்கு வெளியே பரவுவது கடினம், ஏனென்றால் பெரியவர்களின் குழிகள் அரிதாகவே பிளக்கின்றன.

சிறுகுடலும் வேகமாகத்தானே வளர்கிறது, புற்றுநோய் ஏன் பெருங்குடலில் அதிகம்?

மாற்றம் சேரும் வேகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்று மேலே பார்த்தோம். ஆகவே பிரியும் வேகம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பெருங்குடலில் பாக்டீரியா கூட்டம் பல மடங்கு அதிகம், கழிவு அங்கே நெடுநேரம் தங்குகிறது. சில ஈ.கோலி பாக்டீரியாக்கள் சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சு டிஎன்ஏவில் தனக்கே உரிய தழும்பை விடுகிறது. அந்தத் தழும்பு சிலரிடம் பத்து வயதுக்கு முன்பே விழுந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

பழ ஈயில் செய்த ஆய்வுகள் எதிர்மாறாகச் சொல்கின்றனவே?

உண்மை. 2006இல் பழ ஈயின் நடுக்குடலில் ஸ்டெம் செல்கள் இருப்பது தெரிந்தது. வயதான ஈயில் இவை சோர்வதில்லை, கட்டுப்பாடில்லாமல் பிரிகின்றன. பாதி வளர்ந்த செல்கள் குவிந்து குடல் சுவரில் கசிவு ஏற்படுகிறது. நீலச் சாயம் கலந்த உணவைக் கொடுத்தால் நல்ல குடல் உள்ள ஈயின் வயிறு மட்டும் நீலமாகும். சுவர் கசிந்த ஈயின் உடம்பு முழுவதும் நீலமாகிவிடும். அப்படி நீலமான ஈக்கள் சீக்கிரமே இறந்துபோகின்றன. வளர்ச்சி கூடினால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஈயைக் காட்டலாம். குடலுக்கு வேண்டியது தேவையான நேரத்தில் பிரிந்து, தேவை முடிந்ததும் நிற்கும் திறன்.

விரதம் இருந்தால் குடல் இளமையாகுமா?

எலியில் நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் ஓமர் யில்மாஸின் குழு 2018இல் எலிகளை 24 மணி நேரம் பட்டினி போட்டது. ஸ்டெம் செல்கள் சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கின. அவற்றின் திறன் இளம் எலியிலும் கிழ எலியிலும் கூடியது. எம்டார் அடங்குவதால் நல்லது நடக்கும் என்ற கருத்துக்கும் இது பொருந்துகிறது.

ஆனால் அதே குழு 2024இல் வெளியிட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பட்டினி முடிந்து எலி மறுபடி சாப்பிடும்போதுதான் ஸ்டெம் செல்கள் மிக வேகமாகப் பிரிந்தன. அந்த நேரத்தில் புற்றுநோய்க்கு வழிவிடும் மரபணு மாற்றத்தை உண்டாக்கியபோது கட்டிகள் அதிகமாக வந்தன. சுண்டெலிக்கு 24 மணி நேரப் பட்டினி என்பது நமக்கு ஒரு ஏகாதசி அல்ல, அதைவிட மிகக் கடுமையானது. ஆகவே விரதம் இருப்பவர்கள் பயப்படவும் வேண்டாம், குடலைப் புதுப்பிக்கிறோம் என்று நாள்கணக்கில் பட்டினி கிடக்கவும் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் முதியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருப்பது ஆபத்து.

குடல் ஸ்டெம் செல்லை வளர்க்கும் மாத்திரை என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்காதீர்கள். நிகோடினமைட் ரைபோசைட் என்ற, வைட்டமின் பி3இன் ஒரு வடிவம் கிழ எலிகளின் குடல் ஸ்டெம் செல்களுக்கு உதவியது என்று 2019இல் ஆய்வு வந்தது உண்மைதான். எலியில் நடந்ததை வைத்து முதியவர்களின் பென்ஷன் பணத்தைப் பிடுங்குவது எனக்குக் கோபம் தருகிறது. அதற்குப் பதிலாக ஒன்றைக் கவனியுங்கள்: மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது. இவை வயிற்றை மட்டுமல்ல, சிறுகுடலின் உட்சுவரையும் புண்ணாக்கும். ஆறும் திறன் குறைந்த வயதில் இது இரட்டைச் சுமை.

நம் ஊர்க் குடலுக்கும் மேலைநாட்டுக் குடலுக்கும் வித்தியாசம் உண்டா?

இதற்கு விடை வேலூரிலிருந்தே கிடைத்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மத்தான் ஆகியோரின் குழு பல்லாண்டுகள் தென்னிந்தியர்களின் சிறுகுடலை ஆராய்ந்தது. கருவில் இருந்த சிசுக்களிடமும் பிறந்த குழந்தைகளிடமும் குடலுறிஞ்சிகள் ஒல்லியாக, விரல் வடிவில் இருந்தன. வளர்ந்தவர்களிடம் அவை தட்டையாகி, இலை வடிவில் அகன்றிருந்தன. பிறப்பிலேயே வந்த வித்தியாசம் இல்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது; கிருமி நிறைந்த நீரும் உணவும் குடலைத் தொடர்ந்து உரசியதன் விளைவு. வெப்பநாடுகளில் வந்து தங்கிய அமெரிக்கத் தன்னார்வலர்களுக்கும் இதே மாற்றம் வந்தது, ஊர் திரும்பியதும் பெரும்பாலும் சரியானது. குடலுறிஞ்சியின் வடிவத்தைப் பொறுத்தவரை, வயதைவிடக் குடிநீர் பெரிய சக்தி என்பதே என் கருத்து.

வயதானவர்களுக்கு வரும் செரிமானத் தொல்லை எல்லாம் இதனால்தானா?

பெரும்பாலும் இல்லை. மலச்சிக்கலுக்கு நரம்பு, தசை, மருந்துகள், தண்ணீர் குறைவு, நடமாட்டக் குறைவு ஆகியவையே காரணம். வைட்டமின் பி12 குறைவு பெரும்பாலும் இரைப்பையில் தொடங்குகிறது; சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் நெடுநாள் எடுத்தாலும் வரும். பால் ஒத்துக்கொள்ளாமல் போவது மரபணுவில் எழுதப்பட்டது, இளம் வயதிலேயே ஆரம்பித்துவிடும். வயதோடு கால்சியம் உறிஞ்சுவது குறைவதில் மட்டும் குடல் உட்சுவருக்கு நேரடிப் பங்கு உண்டு, ஏனெனில் வைட்டமின் டி சொல்வதை முதிய குடல் முன்போலக் கேட்பதில்லை.

அப்பாவுக்கு 72 வயது, கீமோ தொடங்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

கீமோ என்ற புற்றுநோய் மருந்து வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும், குழிகளும் அதில் மாட்டும். 5-ஃப்ளூரோயுராசில் போன்ற மருந்துகளில் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் முதியவர்களுக்குக் கடுமையாக வரக்கூடும், தேறவும் நாள் பிடிக்கும். ஹெல்சிங்கி குழு நோட்டத்தைத் தடுத்தபோது கிழ எலிகளுக்கு இந்த மருந்தின் பக்கவிளைவு குறைந்தது. மனிதருக்கு இன்னும் அது சிகிச்சையாக வரவில்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. தொடங்குமுன்பே புற்றுநோய் மருத்துவரிடம் வயிற்றுப்போக்கு வந்தால் யாரை அழைப்பது, எந்த மாத்திரை, எப்போது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வீட்டில் இருக்கட்டும். ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர்கூட உள்ளே தங்காவிட்டாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கீமோ எதுவும் இல்லை, சாதாரணமாக எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

மலத்தில் ரத்தம், கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைதல், ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை, வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டாமல் காட்ட வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், தொல்லை எதுவும் இல்லாவிட்டாலும் கொலோனோஸ்கோப்பி (கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) எந்த வயதில் தொடங்குவது என்று கேளுங்கள். அமெரிக்காவில் பொதுமக்களுக்கான பரிசோதனை வயதை 2021இல் 50இலிருந்து 45ஆக இறக்கினார்கள். குடும்பத்தில் நோய் இருந்தால் அதற்கும் முன்பே தொடங்கச் சொல்வார்கள். பரிசோதனையில் சின்னக் கட்டி தெரிந்தால் அப்போதே அகற்றிவிடலாம். புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பல வருடம் எடுத்துக்கொள்ளும் அது, அன்றோடு முடிந்துவிடும்.